பஞ்ச்தே, 1885: பாதி எழுதிவிட்ட எல்லையால் மூண்ட நெருக்கடி

1885ஆம் ஆண்டில் பஞ்ச்தே என்ற சிறிய பாசன நிலப்பகுதிக்காக பிரிட்டனும் ரஷ்யாவும் போர் மூளும் நிலைக்கு வந்தது ஏன், அந்தப் போர் எப்படி நின்றது, அன்று வரையப்பட்ட எல்லை இன்றும் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு பேரரசுகள் மத்திய ஆசியாவில் ஆதிக்கத்துக்காக மோதிக்கொண்டன என்று பொதுவாக ஒரு விளக்கம் சொல்வார்கள். அது பொய்யில்லை; ஆனால் அந்த ஆதிக்கப் போட்டி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துகொண்டிருந்தபோது, ஏன் குறிப்பாக அந்த இடத்தில், அந்த மாதத்தில் துப்பாக்கி வெடித்தது என்பதை அது விளக்குவதில்லை. என் கருத்தில், சண்டைக்கான காரணம் 1873இல் எழுதப்பட்ட ஓர் உடன்பாட்டில் விடப்பட்ட இடைவெளியில் இருக்கிறது. போர் நின்றதற்கான காரணத்தில் பெரும்பங்கு, நிலத்தை இழந்தவரான ஆப்கான் அமீர் அப்துர் ரஹ்மான் கானுக்கே உரியது. இந்த இரண்டாவது செய்தி பல வரலாற்று விவரிப்புகளில் ஓரிரு வரிகளோடு கடந்து போய்விடுகிறது என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். ஹிந்துகுஷ் மலைத்தொடரின் மேற்குக் கிளைகளுக்கு வடக்கே நிலம் மெல்லச் சரிந்து, இன்றைய துர்க்மேனிஸ்தானின் பாலைவனத்தில் கலந்துவிடுகிறது. அந்தச் சரிவில் ஹரிரூத், முர்காப் என்ற இரண்டு ஆறுகள் வடக்கு நோக்கி ஓடுகின்றன; இரண்டுமே கடலைச் சேராமல் மணலில் மறைந்துவிடுபவை. முர்காப் ஆற்றின் கீழ்ப்பகுதியில் மெர்வ், அதற்கு மேலே யோலோத்தான், இன்னும் மேலே, குஷ்க் என்ற துணையாறு வந்து சேரும் இடத்தை ஒட்டிப் பஞ்ச்தே. பஞ்ச்தேயிலிருந்து தெற்கே சென்றால் பாத்கிஸ் மேய்ச்சல் நிலங்கள், அவற்றைத் தாண்டினால் ஹெராத். ஹெராத்தில் தானியமும் தீவனமும் கிடைக்கும். அங்கிருந்து கந்தஹார் வழியாக இந்தியாவுக்குப் படை நடத்த முடியும். ஹெராத் ரஷ்யரிடம் போனால் இந்தியாவின் வாசல் திறந்துவிடும் என்று லண்டனிலும் கல்கத்தாவிலும் இருந்த பலர் உறுதியாக நம்பினார்கள். அந்த நம்பிக்கை மிகையானதா என்பது வேறு விவாதம். அதன் பேரில்தான் முடிவுகள் எடுக்கப்பட்டன என்பதே இங்கே முக்கியம்.

இனி 1873ஆம் ஆண்டு உடன்பாட்டுக்கு வருவோம். பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் கிரான்வில் பிரபு 1872 அக்டோபரில் எழுதிய கடிதத்தில் ஆப்கான் அமீரின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகள் எவை என்று வரிசையாகக் குறிப்பிட்டார். ரஷ்யாவின் வெளியுறவு அமைச்சர் கோர்ச்சகோவ் 1873 தொடக்கத்தில் அதை ஏற்றுக்கொண்டார். கிழக்கே பதக்‌ஷானும் வாகானும். பின்னர் ஆமு தரியா ஆறு, கோக்சா என்ற துணையாறு கலக்கும் இடத்திலிருந்து கோஜா சாலே என்ற இடம்வரை எல்லை. அதற்கு மேற்கே மைமனா, ஷிபர்கான், அந்த்கோய் முதலிய மாவட்டங்கள் ஆப்கானியருக்கு உரியவை. அதற்கு அப்பாலுள்ள பாலைவனம் சுதந்திரமான துர்க்மேனியக் குடிகளுடையது. ஹெராத்தின் மேற்கில் பாரசீகத்துடனான எல்லை நன்கு தெரிந்ததே, விளக்க வேண்டியதில்லை என்று எழுதிவிட்டார்கள். கோஜா சாலேவிலிருந்து ஹரிரூத் வரையிலான பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்குக் கோடு எதுவும் சொல்லப்படவில்லை. அன்றைக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் அந்தக் கோடு எங்கே இருந்தாலும் அதன் மறுபக்கத்தில் இருந்தவர்கள் ரஷ்யர்கள் அல்லர். எவருக்கும் கட்டுப்படாத துர்க்மேனியர்கள்.

பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த நிலை முற்றிலும் மாறியது. ரஷ்யா 1865இல் தாஷ்கெண்டையும் 1868இல் சமர்கண்டையும் ஏற்கெனவே பிடித்திருந்தது. 1873இல் கீவா அடிபணிந்தது. 1876இல் கோகந்த் அரசு கலைக்கப்பட்டது. 1881 ஜனவரியில் கியோக் தெபே கோட்டையில் ரஷ்யத் தளபதி ஸ்கோபெலெவின் படை தெக்கே துர்க்மேனியரை நசுக்கியது; கோட்டை விழுந்த பிறகு தப்பி ஓடியவர்களும் துரத்திக் கொல்லப்பட்டனர். அந்தப் படுகொலையின் அச்சம் அடங்காத நிலையில், 1884 தொடக்கத்தில் மெர்வின் மூத்தவர்கள் சண்டையில்லாமலே ரஷ்யப் பேரரசரின் ஆட்சியை ஏற்றுக்கொண்டனர். நாகரிக அரசுகள் நாடோடிகளின் அண்டையில் இருக்க நேர்ந்தால், எல்லையின் அமைதிக்காக மேலும் மேலும் முன்னேற வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு ஏற்படுகிறது என்று 1864இலேயே கோர்ச்சகோவ் ஐரோப்பிய அரசுகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். அவர் சொன்ன கட்டாயத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அதே வாதத்தை பிரிட்டன் சிந்துவிலும் பஞ்சாபிலும் கையாண்டிருந்ததால், லண்டனால் அதை உரக்க மறுக்க முடியவில்லை.

மெர்வ் ரஷ்யாவிடம் வந்ததும், 1873இல் எழுதப்படாமல் விட்ட இடைவெளி திடீரென இரு பேரரசுகளின் எல்லையாகிவிட்டது. ஆப்கானிஸ்தான் பிரிட்டிஷ் பேரரசின் பகுதி அன்று. ஆனால் 1879இல் பிரிட்டனுடன் செய்துகொண்ட கந்தமக் உடன்படிக்கையாலும், அதன் பிறகு 1880இல் அப்துர் ரஹ்மானுக்குக் கொடுக்கப்பட்ட உறுதிமொழியாலும், அதன் வெளியுறவு பிரிட்டனின் கையில் இருந்தது. காரணமின்றி வெளியார் தாக்கினால் உதவுவதாகவும் பிரிட்டன் வாக்களித்திருந்தது. 1883 முதல் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் மானியமும் அமீருக்கு இந்தியக் கருவூலத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. ஆகவே ஆப்கானிஸ்தானின் எல்லையைப் பற்றி ரஷ்யாவுடன் பேசியவர்கள் ஆப்கானியர்கள் அல்லர்.

பஞ்ச்தே யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு இரு தரப்பும் அளித்த விடைகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் எல்லைத் தகராறுகள் பலவற்றின் முடிச்சு இதில் இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்கள் சாரிக் என்ற துர்க்மேனியக் குடியினர். அவர்கள் முன்பு மெர்வில் இருந்தவர்கள். 1850களில் தெக்கே குடியினர் மெர்வைக் கைப்பற்றியபோது ஆற்றின் மேற்பகுதிக்குத் தள்ளப்பட்டு யோலோத்தானிலும் பஞ்ச்தேயிலும் குடியேறியவர்கள். ரஷ்யாவின் வாதம் இது: யோலோத்தானின் சாரிக்குகள் ரஷ்யாவுக்கு அடிபணிந்துவிட்டார்கள், ஆகவே அவர்களுடைய உறவினரான பஞ்ச்தே சாரிக்குகளும் எங்களைச் சேர்ந்தவர்களே. ஒரே குடியைக் கோட்டால் பிளக்கக் கூடாது. பிரிட்டனின் வாதமோ இது: பஞ்ச்தே ஹெராத் மாகாணத்தைச் சேர்ந்த பாத்கிஸின் பகுதி. அங்கே முன்பு மேய்ச்சல் நடத்தியவர்கள் ஹெராத்துக்கு உட்பட்ட ஜம்ஷிதி, ஹஸாரா குடியினர். பின்னர் வந்த சாரிக்குகள் ஹெராத்துக்கு வரி கட்டி, குடிவாரமாக நிலத்தை அனுபவித்தவர்கள். ஒரு தரப்பு மக்களின் இனத்தைச் சான்றாகக் காட்டியது, மறு தரப்பு நிலத்தின் வரிக் கணக்கைச் சான்றாகக் காட்டியது. இரண்டும் தத்தம் அளவில் உண்மையே. வலுவான அரசு கேட்டால் வரி கொடுப்பதும், அது தளர்ந்தால் நிறுத்துவதுமாக வாழ்ந்த மக்களிடம், "நீங்கள் எந்த நாட்டவர்" என்ற கேள்விக்கு ஒரே விடையை எதிர்பார்த்ததுதான் தவறு.

1884இல் எல்லையை நேரில் கண்டு வரையறுக்க இரு அரசுகளும் கூட்டு ஆணையம் அமைக்க ஒப்புக்கொண்டன. பிரிட்டன் தரப்பின் தலைவர் சர் பீட்டர் லம்ஸ்டன் பாரசீகம் வழியாக நவம்பரில் சரக்ஸ் வந்து சேர்ந்தார். இந்தியாவிலிருந்து கர்னல் வெஸ்ட் ரிட்ஜ்வேயின் தலைமையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்ட பரிவாரம் குவெட்டாவிலிருந்து பாலைவனம் கடந்து வந்தது. (இதே ரிட்ஜ்வேதான் பிறகு 1896 முதல் 1903 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தவர்.) ரஷ்யத் தரப்பின் தலைவராக அறிவிக்கப்பட்ட ஜெனரல் ஜெலெனோயின் வருகையோ மீண்டும் மீண்டும் தள்ளிப்போனது. அந்தக் காலத்தில் ரஷ்யக் காவற்படைகள் ஹரிரூத் வழியாகப் புல்-இ-காதூன் வரையிலும், பின்னர் ஜுல்பிகார் கணவாயை நோக்கியும் நகர்ந்தன. ஆப்கானியர்களும் பஞ்ச்தேயில் படை நிறுத்தினார்கள். பேச்சு தொடங்குவதற்கு முன்பே நிலத்தில் காலூன்றிவிட இரு தரப்பும் முயன்றன. ஆனால் ஆணையரை அனுப்பாமல் படையை அனுப்பிய ரஷ்யாவின் மீதே கூடுதல் பொறுப்பு விழும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

1885 மார்ச் நடுவில், ஆப்கானியர் தாக்காதவரை ரஷ்யப் படை இருந்த இடத்தை விட்டு முன்னேறாது என்று லண்டனுக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் இடையே ஒரு புரிந்துணர்வு ஏற்பட்டது. அது களத்தில் நின்ற ரஷ்ய ஜெனரல் கோமரோவைக் கட்டுப்படுத்தவில்லை. குஷ்க் ஆற்றின் இடக்கரையை விட்டு விலகும்படி ஆப்கான் தளபதிக்கு அவர் கெடு விதித்தார். ஆப்கானியர் விலகாததால் மார்ச் 30 அன்று காலை தாக்கினார். மழையில் நனைந்த வெடிமருந்தும் பழைய துப்பாக்கிகளும் வைத்திருந்த ஆப்கான் வீரர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். ரஷ்யத் தரப்பின் இழப்பு மிகச் சிறியது. அருகில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் எதையும் தடுக்க முடியாமல் பின்வாங்கினர். ஆப்கானியருக்கு உறுதிமொழி அளித்த அரசின் பிரதிநிதிகள் பார்த்துக்கொண்டிருக்க அவர்கள் வெட்டப்பட்டது, அந்த நாட்டு மக்கள் மனத்தில் பிரிட்டனைப் பற்றி எத்தகைய எண்ணத்தை விதைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செய்தி லண்டனை அடைய ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. சூடானின் கார்ட்டூம் நகரம் கிளர்ச்சியாளரிடம் வீழ்ந்து சில வாரங்களே ஆகியிருந்ததால் ஏற்கெனவே கடும் கண்டனத்துக்கு உள்ளாகியிருந்த கிளாட்ஸ்டன் அரசு, ஏப்ரல் 27 அன்று நாடாளுமன்றத்தில் 1 கோடியே 10 லட்சம் பவுன் போர்நிதி கேட்டுப் பெற்றது. அதில் பெரும்பகுதி ரஷ்யாவுடன் மூளக்கூடிய போருக்கானது. 1873 உடன்பாட்டின்போதும் கிளாட்ஸ்டனே பிரதமர், கிரான்வில்லே வெளியுறவு அமைச்சர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். தாங்கள் விட்டுவைத்த இடைவெளியின் விளைவை அவர்களே சந்திக்க நேர்ந்தது. கொரியாவின் தென்கரைக்கு அப்பாலுள்ள போர்ட் ஹாமில்டன் தீவுகளை பிரிட்டிஷ் கடற்படை ஆக்கிரமித்து 1887 தொடக்கம்வரை வைத்திருந்தது. ரஷ்யத் துறைமுகமான விளாடிவாஸ்டாக்கைத் தாக்க ஒரு தளம் வேண்டும் என்பது நோக்கம். கொரிய மன்னரிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை. ஆனால் ரஷ்யாவை உண்மையில் வலிக்கும்படி அடிக்கக்கூடிய இடம் கருங்கடல். அங்கே செல்லத் துருக்கியின் நீரிணைகளைக் கடக்க வேண்டும். அவற்றைத் திறக்க வேண்டாம் என்று ஜெர்மனியின் பிஸ்மார்க்கும் மற்ற ஐரோப்பிய வல்லரசுகளும் சுல்தானை வற்புறுத்தின. அந்த வழி அடைபட்டதும், இந்தியாவிலிருந்து ஆப்கானிஸ்தான் வழியாகப் படை அனுப்புவது ஒன்றே பிரிட்டனுக்கு மிஞ்சியது. அதற்கு அமீரின் இசைவு வேண்டும்.

அமீர் அப்போது ராவல்பிண்டியில் வைஸ்ராய் டப்ரின் பிரபுவின் விருந்தினராக இருந்தார். பஞ்ச்தேச் செய்தியைக் கேட்டு அவர் கொதித்தெழுந்து போர்முழக்கம் செய்திருந்தால், பிரிட்டன் தன் வாக்கைக் காப்பாற்றப் போரில் இறங்குவதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. அவர் அப்படிச் செய்யவில்லை. பஞ்ச்தே உறுதியாகத் தன்னுடையதுதானா என்பதில் அவருக்கே முழு நிச்சயம் இருக்கவில்லை. ஜுல்பிகார், குல்ரான், மருச்சக் ஆகிய இடங்கள் தன்னிடம் இருந்தால் பஞ்ச்தேயை விட்டுக்கொடுக்கத் தயார் என்று டப்ரினிடம் தெரிவித்தார். பணமும் ஆயுதமும் பெற்றுக்கொண்ட அவர், பிரிட்டிஷ் படை தன் நாட்டுக்குள் வருவதை மட்டும் ஏற்கவில்லை. 1839இலும் 1878இலும் பிரிட்டிஷ் படை வந்து என்ன செய்தது என்பதை அவர் குடும்பமே அறிந்திருந்தது. மறுபுறம், அரியணைக்கு வருமுன் பத்தாண்டுகளுக்கு மேல் சமர்கண்டில் ரஷ்யரின் பாதுகாப்பில் அகதியாக வாழ்ந்தவர் என்பதால் ரஷ்யரின் வலிமையையும் நேரில் கண்டவர். தன் நாட்டை இருவருடைய போர்க்களமாகவும் ஆக்கிவிடக் கூடாது என்பதே அவருடைய முதல் அக்கறையாக இருந்தது. தன் குடிகள் மீது அவர் நடத்திய ஆட்சி மிகக் கொடூரமானது, குறிப்பாக ஹஸாராக்களுக்கு அவர் பின்னர் இழைத்தவை மன்னிக்க முடியாதவை; ஆயினும் அந்த ஏப்ரலில் அவர் காட்டிய நிதானம் ஒரு பெரும் போரைத் தடுத்தது என்பதை மறுக்க முடியாது.

அந்த நெருக்கடி ஹெராத்தில் இன்னொரு இழப்பையும் விட்டுச் சென்றது. அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. நகரின் வடக்கே பதினைந்தாம் நூற்றாண்டில் தைமூர் வம்சத்து அரசி கௌஹர் ஷாத் எழுப்பிய முசல்லா என்ற மாபெரும் வழிபாட்டு வளாகமும் மதரசாக்களும் இருந்தன. நீல ஓடு வேலைப்பாட்டில் அவற்றுக்கு ஈடானவை அந்த வட்டாரத்தில் மிகச் சிலவே. ரஷ்யப் படை நகரைத் தாக்க வந்தால் அந்தக் கட்டடங்கள் அதற்கு மறைவிடமாகிவிடும் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் ஆலோசனை கூற, அமீரின் ஆணைப்படி 1885இல் அவை இடிக்கப்பட்டன. ரஷ்யப் படை வரவே இல்லை. எஞ்சி நின்ற ஒன்பது மினாரெட்டுகளில் சில பின்னர் நிலநடுக்கங்களில் வீழ்ந்தன. மற்றவை சாய்ந்தும் ஓடுகள் உதிர்ந்தும் நிற்கின்றன.

பேச்சுவார்த்தையின் போக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோமரோவ் உடன்பாட்டை மீறினாரா என்பதை டென்மார்க் மன்னரின் நடுவர் தீர்ப்புக்கு விடலாம் என்று மே மாதத்தில் இரு அரசுகளும் ஒப்புக்கொண்டன. மானம் போகாமல் இருவரும் பின்வாங்க அது உதவியது. நடுவர் விசாரணை நடக்கவே இல்லை. ஜூனில் கிளாட்ஸ்டன் அரசு வீழ்ந்து சாலிஸ்பரி பிரபு பொறுப்பேற்றார். ஜுல்பிகார் கணவாய் என்றால் அதில் எந்தெந்தக் குன்றுகள் அடங்கும் என்று கோடை முழுவதும் வாதாடினார்கள். முடிவில் செப்டம்பர் 10 அன்று லண்டனில் கையெழுத்தான ஆவணம், பஞ்ச்தேயை ரஷ்யாவுக்கும் ஜுல்பிகாரை ஆப்கானிஸ்தானுக்கும் கொடுத்தது. ஏறத்தாழ ராவல்பிண்டியில் அமீர் சொன்ன ஏற்பாடுதான் அது.

அதன் பிறகே லம்ஸ்டனுக்குப் பதிலாகப் பொறுப்பேற்ற ரிட்ஜ்வேயும் ரஷ்ய ஆணையர் கர்னல் கூல்பர்க்கும் குன்று குன்றாகச் சென்று எல்லைத் தூண்களை நாட்டத் தொடங்கினார்கள். கிழக்கு முனையை நெருங்கியபோது 1873 வாசகம் மீண்டும் குறுக்கே நின்றது. எல்லை ஆமு தரியாவைத் தொட வேண்டிய கோஜா சாலே என்ற இடத்தைத் தேடினால், அந்தப் பெயரில் ஒரு ஜியாரத் (புனிதரின் அடக்கத்தலம்), ஒரு படகுத்துறை, ஒரு வட்டாரம் எனப் பலவும் இருந்தன. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஏதோ ஒரு தரப்பு விளைநிலங்களை இழக்கும். களத்தில் தீராத இந்தச் சிக்கல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குப் போய் 1887 ஜூலையில் தீர்ந்தது. ஆற்றங்கரை நிலங்கள் அவற்றை அனுபவித்து வந்த ஆப்கானியரிடமே இருந்தன. ஈடாக, குஷ்க் ஆற்றுக்கும் முர்காபுக்கும் இடையில் சாரிக்குகள் முன்பு உழுதும் மேய்த்தும் வந்த ஒரு பகுதி ரஷ்யாவுக்குப் போனது. அந்த மக்களுடைய பயிரும் மேய்ச்சலும் பேச்சுவார்த்தையில் எடைபோடப்பட்ட அரிய சந்தர்ப்பம் இது என்பதால் குறிப்பிடுகிறேன். அப்போதும்கூட ரஷ்யாவின் உரிமைக்கு ஆதரவாகவே அது எடுத்துக்காட்டப்பட்டது.

நெருக்கடியின் செலவு இந்தியர் தலையில் விழுந்தது. இந்தியப் படை பெருக்கப்பட்டது, எல்லைப்புற ரயில் பாதைகள் விரைந்து போடப்பட்டன, 1886இல் வருமான வரிச் சட்டம் வந்தது. 1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸின் முதல் மாநாடு, முன்மொழியப்பட்ட இராணுவச் செலவு உயர்வு தேவையற்றது, நாட்டின் வருவாய்க்கு மிகையானது என்று தீர்மானம் நிறைவேற்றியது. அந்த மாநாட்டின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்த ஜி. சுப்பிரமணிய ஐயர் உள்ளிட்ட சென்னைப் பிரதிநிதிகளும் அதில் கலந்துகொண்டவர்களே. காங்கிரஸின் தோற்றத்தைப் பேசும்போது பஞ்ச்தேயை நாம் நினைப்பதில்லை, நினைக்க வேண்டும்.

இந்த எல்லையை 1893இல் இந்திய அரசின் வெளியுறவுச் செயலர் மார்டிமர் டூராண்டு காபூலில் அமீருடன் ஒப்பமிட்ட தென்கிழக்குக் கோட்டுடன் (இன்றைய பாகிஸ்தான் பக்கத்து எல்லை) ஒப்பிடுவது பயனுள்ளது. அங்கே பிரிட்டன் அமீருடன் நேரடியாகவே பேசியது. மானியத்தை 12 லட்சத்திலிருந்து 18 லட்சமாக உயர்த்தவும் செய்தது. ஆனால் அந்தக் கோடு அமீரின் சொந்த இனத்தவரான பஷ்தூன்களின் ஊடே சென்றது. 1897இல் எல்லைப்புறக் குடிகள் கிளர்ந்தெழுந்தனர். இன்றுவரை காபூலின் எந்த அரசும் அதை மனமார ஏற்கவில்லை. வடமேற்குக் கோட்டில் அமீர் இழந்தது, தன் குடிமக்கள் என்று அவர் முழுமையாகக் கருதாத சாரிக்குகளின் நிலம். அது சச்சரவில்லாமல் நிலைத்ததற்கு முக்கியக் காரணம் அதுவே என்று நினைக்கிறேன். நீதியான கோடு என்பதால் அது நிலைக்கவில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை, ஆம் என்பதே. 1885 முதல் 1888 வரை தூண் நாட்டப்பட்ட கோடுதான், சிறு மாற்றங்களுடன், இன்று துர்க்மேனிஸ்தானுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் இடையிலான எல்லை. ஒருமுறை அது மாறும் வாய்ப்பு வந்தது. 1921 பிப்ரவரி 28 அன்று சோவியத் ரஷ்யா ஆப்கானிஸ்தானுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு, கடந்த நூற்றாண்டில் ஆப்கானியருக்கு உரியதாக இருந்த எல்லைப்புற நிலங்களை, அங்கே வாழும் மக்களின் விருப்பத்தை அறிந்து திருப்பித் தரச் சம்மதித்தது; இரு தரப்பாரின் மனத்திலும் இருந்தது பஞ்ச்தே. அந்தப் பிரிவு நிறைவேற்றப்படவில்லை, சாரிக்குகளிடம் விருப்பம் கேட்கப்படவும் இல்லை.